மலைச்சீமையில் பிரெஞ்சுச் சுவடுகள்

கோத்தகிரியிலிருந்து மேற்கே செல்லும் சாலை கட்டபெட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தொட்டபெட்டாவின் சரிவைச் சுற்றி உதகைக்கும், மற்றொன்று தெற்கே இறங்கிக் குன்னூருக்கும் செல்கிறது. இந்தச் சந்திப்பைச் சூழ்ந்துள்ள ஹட்டிகள், அதாவது படகர் வாழும் ஊர்கள், பொரங்காடு சீமையைச் சேர்ந்தவை. படகர்கள் தம் நிலப்பரப்பை நாக்குபெட்டா என்று அழைத்து, அதைத் தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தை என நான்கு சீமைகளாகப் பகுத்து, ஒவ்வொரு சீமைக்கும் தலைவரும் ஊர்க்கூட்டமும் வழக்குமுறையும் வைத்து வாழ்ந்து வந்துள்ளனர். கும்பினி ஆட்சியும் பின்னர் பிரிட்டிஷ் அரசும் வரைந்த மாவட்ட, வட்ட எல்லைகளுக்கு முன்பே இருந்த பகுப்பு இது. ஹெத்தை அம்மன் பண்டிகை முதல் ஊர்ப் பொதுக்காரியங்கள் வரை இன்றும் உயிரோடிருக்கும் பகுப்பும் இதுவே.

இந்தச் சீமைகளின் கடந்த இருநூறு ஆண்டு வரலாறு பெரும்பாலும் ஆங்கிலேயரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819 சனவரியில் மலையேறியதும், கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியில் முகாமிட்டதும், பிறகு உதகையில் வீடு கட்டிக் குடியேறியதும் பாடநூல்கள் வரை இடம்பெற்ற செய்திகள். அவற்றின் முக்கியத்துவத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் இம்மலைக்கு வந்த இயற்கையியலாளர்கள், ஓர் ஆளுநர், மறைப்பணியாளர்கள், கன்னியர் ஆகியோரின் பங்கு அந்த எழுத்தில் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. அது அவ்வளவு சிறிய பங்கன்று. நீலகிரியின் பொருளாதாரத்தை இன்று தாங்கி நிற்கும் தேயிலை, தொடக்கத்திலேயே கைவிடப்பட்டு அழியவிருந்த ஒரு கட்டத்தில், அதன்மேல் அக்கறையோடு விழுந்த கண் ஒரு பிரெஞ்சு அரசு ஊழியருடையது.

பிரெஞ்சுக்காரர் இம்மலையில் ஒரு முழம் நிலத்தையும் ஆண்டதில்லை. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் நீலகிரி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. நெப்போலியப் போர்கள் முடிந்து, 1816-17-இல் புதுச்சேரி, காரைக்கால் முதலிய பகுதிகள் பிரான்சுக்குத் திருப்பித் தரப்பட்டபோது, அங்கே கோட்டை கட்டவோ காவலுக்கு மேற்பட்ட படை வைக்கவோ கூடாது என்ற நிபந்தனையுடனேயே தரப்பட்டன. இந்தியாவில் அரசியல் வாய்ப்பு அடைபட்ட நிலையில் பிரெஞ்சு அரசு வேறொன்றில் கருத்தைச் செலுத்தியது. பாரிஸில் இருந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சார்பில் பயண இயற்கையியலாளர்கள் உலகெங்கும் அனுப்பப்பட்டனர். அவர்கள் செடி, விதை, விலங்கு, கனிமம் ஆகியவற்றைச் சேகரித்துத் தலைநகருக்கு அனுப்புவதும், பயன்தரும் பயிர்களை ஒரு குடியேற்றத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவதும் அரசின் கொள்கையாயின. நீலகிரிக்கு வந்த முதல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கொள்கையின் வழியே வந்தவர்கள்.

அவர்களில் மூத்தவர் லெஷெனோ தெ லா தூர். 1773-இல் பிரான்சின் ஷாலோன்-சூர்-சோன் நகரில் பிறந்த இவர், 1800-இல் ஆஸ்திரேலியக் கரைகளை ஆராயப் புறப்பட்ட போதேன் கப்பற்பயணத்தில் தாவரவியலாளராகச் சென்றவர். பின்னர் ஜாவாவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர். 1816-இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுப் புதுச்சேரியைத் தம் இருப்பிடமாகக் கொண்டவர். கோயம்புத்தூர்ப் பகுதியில் சேகரிப்புப் பணியில் இருந்தபோது கடுமையாக நோயுற்ற இவர், 1819-இல், சல்லிவன் மலையேறிய அதே ஆண்டில், நீலகிரிக்குச் சென்று அதன் குளிர்ந்த காற்றில் உடல் தேறினார். உடல்நலம் நாடி இம்மலைக்கு வந்து குணமடைந்ததாகப் பதிவாகியுள்ள ஐரோப்பியரில் முதன்மையானவர் இவரே என்பதால், பிற்காலத்தில் உதகை நலவாழ்வு நகரமாக வளர்ந்ததன் முன்வரலாற்றில் இவருக்கு இடமுண்டு. அதற்கு முன் வந்தவர்களின் நோக்கங்கள் வேறு: 1603-இல் மலபார்க் கரையிலிருந்து ஏறிய இத்தாலியச் சேசுசபைத் துறவி பெனிசியோ மலைவாழ் சமூகமான தோடரிடையே கிறித்தவரைத் தேடி வந்தார், 1812-இல் வந்த ஆங்கிலேய நில அளவையாளர் கீஸ் வரைபடத்துக்காக வந்தார்.

லெஷெனோ இலங்கைக்கும் சென்று 1822-இல் பிரான்சு திரும்பி, தம் இந்தியப் பயணத்தின் சுருக்கத்தை அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் அதே ஆண்டு வெளியிட்டு, 1826-இல் மறைந்தார். மலையில் அவர் தங்கிய காலம் குறைவு. ஆனால் அவர் பெயரைத் தாங்கிய ஒரு செடி இன்றும் தொட்டபெட்டாவின் சோலை ஓரங்களில் வளர்கிறது. சோலை என்பது மலையின் பள்ளங்களில் ஓடைகளை ஒட்டி அடர்ந்து நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு. அதன் விளிம்பில் இடுப்பளவுக்கும் அதற்கு மேலும் வளரும் இந்தப் புதருக்குத் தடித்த, விளிம்பில் நுண்பற்கள் கொண்ட இலைகளும், சிறு குடம்போலக் கவிழ்ந்து தொங்கும் வெண்பூக்களும், முற்றும்போது கருநீலமாக மாறும் காய்களும் உண்டு. இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கினால் மூட்டுவலித் தைலத்தின் காரமான மணம் உடனே எழும். உதகைக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் வைத்து விற்கப்படும் விண்டர்கிரீன் தைலம் இந்த இலையை நீராவியில் வடித்து எடுக்கப்படுவது. லெஷெனோவின் சேகரிப்பைக் கொண்டு தாவரவியலாளர்கள் இதைக் கோல்தேரியா லெஷெனோல்தி என வகைப்படுத்தினர். பிற்காலத்து வகைப்பாட்டில் இது வேறொரு சிற்றினத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இத்தைலத்தின் மணத்துக்கும் குணத்துக்கும் காரணமான மெத்தில் சாலிசிலேட் என்னும் வேதிப்பொருளை, இச்செடியின் வட அமெரிக்க உறவினத்திலிருந்து 1843-இல் பிரித்தறிந்த கவூர் என்பவரும் பிரெஞ்சு வேதியியலாளரே.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்லலாம். நீலகிரியின் புல்வெளிகளை மூடிப் பரவிவிட்ட நீல யூகலிப்டஸ் மரத்தைத் தாஸ்மேனியாவில் கண்டு முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தவர் லபிலார்தியேர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். ஆனால் அம்மரத்தை 1843-இல் இம்மலைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். விறகுக்காகத் தொடங்கிய அந்நடவு பின்னர் புல்வெளிகளுக்கும் தோடரின் மேய்ச்சல் நிலங்களுக்கும் இழைத்த கேட்டை இன்று சரிசெய்ய முயல்வது எளிதான பணியாக இல்லை. செடியை அறிவதும் செடியைக் கொண்டு நிலத்தை மாற்றுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதால், பழியை முதலாமவர் மேல் ஏற்றுவது நியாயமாகாது.

தேயிலையின் வரலாறு சற்று விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. சென்னை மாகாண ஆளுநர் ஸ்டீபன் லஷிங்டனின் ஆதரவில் 1830 அளவில் உதகைக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்திப் பள்ளத்தாக்கில் அரசு சோதனைப் பண்ணை ஒன்று தொடங்கப்பட்டது. ஐரோப்பியக் காய்கறிகளும் தானியங்களும் இம்மலை மண்ணில் எவ்வாறு விளையும் என்று பார்ப்பது அதன் நோக்கம். இதே காலத்தில் கிறிஸ்டி என்ற மருத்துவர் குன்னூர் அருகே தேயிலையின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி இயல்பாக வளர்வதைக் கண்டு, இங்கே தேயிலையும் வளரக்கூடும் எனக் கருதிச் சீனாவிலிருந்து செடிகள் தருவிக்க ஏற்பாடு செய்தார். ஆனால் 1832-இலேயே இறந்துவிட்டார். 1834-இல் கல்கத்தாவில் அமைக்கப்பட்ட தேயிலைக் குழு சீனாவிலிருந்து பெற்ற விதைகளால் வளர்த்த கன்றுகளைப் பல இடங்களுக்கும் பிரித்தனுப்பியபோது, 1835-இல் கேத்திப் பண்ணைக்கும் ஒரு பங்கு வந்தது. அடுத்த ஆண்டே, செலவுக்கேற்ற பயனில்லை என்று அரசு பண்ணையை மூடிவிட்டது. நட்ட கன்றுகளைக் கவனிக்க ஆளில்லை.

மூடப்பட்ட பண்ணையின் வீட்டையும் நிலத்தையும் வாடகைக்கு எடுத்தவர் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் மார்க்கி தெ சான்-சிமோன். 1835 முதல் 1840 வரை அப்பதவியில் இருந்த அவர், கடற்கரையின் வெப்பத்திலிருந்து விலகியிருக்க மலையில் ஓர் இருப்பிடம் தேடினார். ஆங்கிலேயர் நிலத்தில், ஆங்கிலேய அரசின் கைவிடப்பட்ட பண்ணையில், பிரெஞ்சு ஆளுநர் ஒருவர் வாடகைக்குக் குடியிருந்தார் என்பது, இரு தலைமுறைகளுக்கு முன் இவ்விரு நாடுகளும் கர்நாடகப் பகுதியெங்கும் போரிட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் வியப்பூட்டும் மாற்றம். அவரோடு தொடர்புகொண்டு கேத்திக்கு வந்தவர் பெர்ரோத்தே.

ஜார்ஜ் சாமுவேல் பெர்ரோத்தே 1793-இல் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு மொழி வழங்கும் வூய்யி பகுதியில் பிறந்து, பாரிஸில் தோட்டக்கலை பயின்று, பிரெஞ்சு அரசின் பணியில் வாழ்நாளைக் கழித்தவர். 1819-இல் தொடங்கிய நெடும் பயணத்தில் பிலிப்பைன்ஸ், ஜாவா முதலிய இடங்களிலிருந்து பயிர்ச்செடிகளைச் சேகரித்து ரியூனியன் தீவுக்கும் தென்னமெரிக்காவின் கயானாவுக்கும் கொண்டு சேர்த்தவர். மணிலாவிலிருந்து அவர் எடுத்துச் சென்ற ஒருவகை முசுக்கட்டைச் செடி பிரான்சின் பட்டுப்புழு வளர்ப்பில் பெரிதும் பேசப்பட்டது. செனகலில் அவுரிச் சாகுபடியையும் நடத்திப் பார்த்தவர். பெயர்த்து நட்ட செடி எப்போது பிழைக்கும், எப்போது சாகும் என்பதைப் பல கண்டங்களின் மண்ணில் கைபடக் கற்றிருந்தவர் என்பதே இங்கே கருத வேண்டியது. தேயிலைச் செடி புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். மழை மிகுதியாக வேண்டும், ஆனால் வேரடியில் நீர் தேங்கக் கூடாது. இளங்கன்றைக் களை மூடிவிட்டால் அது எழாது. கேத்தியில் நலிந்து கிடந்த கன்றுகளைப் பெர்ரோத்தே பேணி வளர்த்தார். 1838 வாக்கில் அவை பூத்துக் காய்த்து நின்றன. அவற்றைப் பற்றி அவர் எழுதிய செய்தி வெளியானதும், நீலகிரியில் தேயிலை வளரும் என்பதற்கு முதல் உறுதியான சான்று கிடைத்தது.

அந்தச் சான்று உடனே தோட்டங்களாக மாறிவிடவில்லை. 1850-களில் குன்னூரில் மேன் என்பவர் சீனாவிலிருந்து நல்ல விதை தருவித்து நட்டார். 1859 அளவில் தியாஷோலா, டன்சாண்டில் தோட்டங்கள் தோன்றின. அதன்பிறகே தேயிலை வாணிகப் பயிராயிற்று. கேத்திச் செடிகளின் நேரடி வழித்தோன்றல்களே பிற்காலத் தோட்டங்கள் என்று சொல்லவும் இயலாது. ஆனால் அரசு பண்ணையை மூடியபோதே செடிகளும் மடிந்திருந்தால், நீலகிரியில் தேயிலை தோற்றுப்போன சோதனை என்று அலுவலகக் கோப்பில் எழுதப்பட்டு, மறுமுயற்சிக்கு யாரும் துணிய நெடுங்காலம் ஆகியிருக்கும். தோல்வி எனப் பதிவாவதிலிருந்து ஒரு பயிரைக் காத்தது பெர்ரோத்தேயின் செயல். அதன் மதிப்பு அவ்வகையில்தான் அளக்கப்பட வேண்டும். அவர் மலையில் சேகரித்த பாசிகள், கற்பாசிகள், பூஞ்சைகள் ஆகியவற்றை மோந்தாஞ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1842-இல் ஆராய்ந்து வெளியிட்டார். அதே ஆண்டுகளில் மலைக்கு வந்த அதோல்ஃப் தெலெஸ்ஸேர் என்ற பிரெஞ்சுப் பயணியின் பெயர் மேற்குத்தொடர்ச்சி மலையின் சிரிப்பான் பறவை ஒன்றுக்கு வைக்கப்பட்டுள்ளது. பெர்ரோத்தே பின்னர் மீண்டும் புதுச்சேரிக்கு வந்து, அங்குள்ள தாவரவியல் பூங்காவை வளர்த்து, 1870-இல் அந்நகரிலேயே காலமானார். கேத்தி வீடு சென்னை ஆளுநர் எல்பின்ஸ்டனிடமும், பிறகு காசமேஜர் என்பவரிடமும், அவர் வழியாகப் பாசல் மிஷன் என்னும் ஜெர்மானிய, சுவிஸ் புராட்டஸ்டண்டு அமைப்பிடமும் சென்றது.

இவ்வளவும் நடந்த நிலம் வெற்று நிலமன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பெனிசியோ 1603-இல் வந்தபோதே மலையில் படகர் ஊர்கள் இருந்தன. படகர் ராகி, சாமை, கொறளி, பின்னர் கோதுமை, பார்லி, பூண்டு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விளைவித்தனர். தோடர் எருமை வளர்த்துப் பாலும் நெய்யும் தந்தனர். கோத்தர் கொல்லுவேலை, மண்பாண்டம், இசை ஆகியவற்றில் வல்லவராக இருந்தனர். குறும்பரும் இருளரும் காட்டுப்பொருள்களைக் கொண்டுவந்தனர். இப்பொருள்களும் பணிகளும் ஒரு சமூகத்திடமிருந்து மற்றொன்றுக்குக் காசின்றியே, தலைமுறை தலைமுறையாக வரும் குடும்ப உறவின் அடிப்படையில் மாறின. லெஷெனோவும் பெர்ரோத்தேயும் நடந்த பாதைகள் இம்மக்களின் எருமைத் தடங்களும் சந்தை வழிகளுமே. தோட்டத்தில் மண் கொத்தியவரையும் சுமை தூக்கியவரையும் பெயர் சொல்லிக் குறிக்கும் வழக்கம் அக்கால எழுத்தில் இல்லாததால், கேத்திக் கன்றுகளைக் காத்தவர்களில் ஒருவரின் பெயர் மட்டுமே நமக்குத் தெரிகிறது. இது வரலாற்றின் குறை. அதைச் சொல்லாமல் கடப்பது மேலும் ஒரு குறையாகும்.

செடிகளின் கதைக்குப் பின் மறைப்பணியின் கதை வருகிறது. நீலகிரியின் கத்தோலிக்கர் அக்காலத்தில் கோயம்புத்தூர் மறைப்பகுதியைச் சேர்ந்திருந்தனர். அப்பகுதி பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையின் பொறுப்பில் இருந்தது. அதன் முதல் ஆயரான மாரியோன் பிரெசியாக், கருமத்தம்பட்டியில் தங்கிப் பணியாற்றி, உள்நாட்டுக் குருக்களை உருவாக்க வேண்டும் என்று வாதிட்டு, சாதி வழக்கங்களைத் திருச்சபை எவ்வாறு ஏற்பது என்ற கேள்வியில் மனநிறைவின்றி 1855-இல் விலகினார். பின்னர் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிக்கான சபையை நிறுவி, 1859-இல் ஃப்ரீடவுனில் நோயால் இறந்தார்.

உதகையோடு இதைவிட நெருங்கிய உறவுடையவர் எலேன் தெ ஷப்போத்தேன். 1839-இல் பிரான்சின் நாந்த் நகரில் உயர்குடியில் பிறந்து, பரிகார அன்னை சபையில் துறவியாகச் சேர்ந்து, 1865-இல் மதுரை மறைப்பணிக்கு வந்த இவரைத் துறவுப் பெயரால் பாடுகளின் மரியாள் அன்னை என்பர். திருச்சி, தூத்துக்குடி, அடைக்கலாபுரம் ஆகிய இல்லங்களின் பொறுப்பை இளவயதிலேயே ஏற்றார். 1874-இல் கோயம்புத்தூர் மறைப்பகுதியின் அழைப்பால் உதகையிலும் ஓர் இல்லம் தொடங்கியது. மதுரை மறைப்பணியில் எழுந்த பூசல் முற்றியபோது, 1876-இல் இவரும் ஏறத்தாழ இருபது கன்னியரும் தம் பழைய சபையை விட்டு விலகி உதகை இல்லத்தில் ஒன்றுகூடினர். ஆயர் ஜோசப் பார்தூ அவர்களுக்கு அடைக்கலம் தந்தார். ஒரு சபையிலிருந்து விலகிய கன்னியருக்கு அக்காலத் திருச்சபையில் நிலையான இடம் கிடையாது. எனவே இவர் உரோமுக்கு நேரில் சென்று நிலைமையை விளக்கி, 1877 சனவரி 6-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரிடமிருந்து புதிய சபை தொடங்க ஒப்புதல் பெற்றார். பின்னாளில் மரியாவின் பிரான்சிஸ்கன் மறைப்பணியாளர் சபை எனப் பெயர்பெற்று ஐந்து கண்டங்களிலும் பரவிய அமைப்பு அது. உதகை நாசரேத் கான்வென்ட் அச்சபையினுடையது. நிறுவனர் 1904-இல் இத்தாலியில் இறந்தார்; 2002-இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. உலகளாவிய பெண் துறவியர் சபை ஒன்றின் பிறப்பிடம் உதகை என்பது நகரத்தின் வரலாற்று நூல்களில் தனி அத்தியாயமாக எழுதப்பட வேண்டியது. ஆளுநர்களின் கோடைகால விருந்துகளுக்கு அந்நூல்கள் தரும் பக்கங்களில் ஒரு பகுதியாவது இதற்கு உரியது.

குன்னூரில் 1907-இல் திறக்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பட்டதன்று. ஆனால் லூயி பாஸ்டர் 1885-இல் கண்டு காட்டிய வெறிநாய்க்கடிச் சிகிச்சையைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்த இடம் அதுவே. அதற்கு முன் நாய்க்கடிபட்டவர் இமயமலைப் பகுதியிலுள்ள கசௌலிவரை போக வேண்டியிருந்தது. போய்ச்சேருவதற்குள் காலம் கடந்துவிடுவதும் உண்டு. இன்றும் தடுப்பூசி உற்பத்தியில் ஈடுபட்டிருக்கும் அந்நிறுவனத்தின் பெயரைக் குன்னூர் மக்கள் நாள்தோறும் பேருந்து நிறுத்தமாகச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள்.

சமவெளியில் பிரெஞ்சு மரபு வேறு வகையானது. தஞ்சை மராத்திய மன்னரிடமிருந்து 1739-இல் பெறப்பட்ட காரைக்கால், வயல்களும் வாய்க்கால்களும் சூழ்ந்த சிற்றூர்ப் பகுதியாகவே 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1880 முதல் அங்கே நகராட்சிக்கு ஒப்பான கொம்யூன்கள் இயங்கின, வாக்குரிமை இருந்தது, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் தனிப் பிரிவாயினர், அங்கிருந்து கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழியினர் ரியூனியனிலும் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் வாழ்கின்றனர். அங்கே மரபு சட்டத்திலும் குடியுரிமைத் தாளிலும் ஓய்வூதியத்திலும் பதிந்துள்ளது. மலையில் அத்தகைய பதிவு ஒன்றுமில்லை. ஆட்சி இல்லாத இடத்தில் தெருப்பெயர்களும் சிலைகளும் தோன்றுவதில்லை. எனவே இங்கே பிரெஞ்சுச் சுவடு தேடுவோர் செடிகளையும் பள்ளிகளையும் துறவியர் இல்லங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அச்செடிகளுள் ஒன்றான தேயிலை ஐரோப்பியரின் பெருந்தோட்டங்களிலிருந்து படகரின் சிறு நிலங்களுக்கு வந்து சேர ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ராகியும் கொறளியும் உருளைக்கிழங்கும் விளைந்த சரிவுகள் தேயிலைக்கு மாறின. பறித்த பச்சைத் தேயிலையைத் தனியார் ஆலைகள் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்த நிலையை மாற்ற, 1962-இல் குந்தாவில் முதல் கூட்டுறவுத் தேயிலை ஆலை தொடங்கப்பட்டது. 1965-இல் அவற்றின் இணையமான இன்கோசர்வ் உருவாயிற்று. கட்டபெட்டுக் கூட்டுறவு ஆலையும் இவ்வரிசையில் வந்தது. பொரங்காட்டின் ஹட்டிகளிலிருந்து கொழுந்து மூட்டைகள் அங்கே எடைபோடப்படுகின்றன. கிலோவுக்கு என்ன விலை என்பதே ஊர்க்கூட்டங்களில் முதலில் எழும் பேச்சாக இருக்கிறது. 1990-களின் இறுதியில் அந்த விலை சரிந்தபோது ஏற்பட்ட கடன் சுமையிலிருந்து பல குடும்பங்கள் இன்னும் மீளவில்லை, நிலத்தை விற்றுக் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம், எஞ்சியோர் கட்டுபடியாகும் ஆதார விலை கேட்டு இன்றும் போராடிவருகின்றனர்.